‘விசா தேவையில்லை’ என்று அச்சிடும்போது: ஆசிரியருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சில வாரங்களுக்கு முன் வெளியான, இந்தியர்கள் விசா இல்லாமல் சென்று வரக்கூடிய நாடுகளைப் பற்றிய முழுப்பக்கக் கட்டுரை குறித்து இக்கடிதத்தை எழுதுகிறேன். மலேசியா, தாய்லாந்து, இலங்கை, கென்யா, ஈரான் ஆகிய ஐந்தும் அதில் ஒரே வரிசையில் தரப்பட்டிருந்தன. பக்கத்தின் மூலையில் இருந்த பெட்டிச் செய்தி, சிங்கப்பூரிலும் 96 மணி நேரம் விசா இன்றித் தங்கலாம் என்று ஒரே வரியில் முடிந்திருந்தது. இவற்றுள் ஈரானைப் பற்றிய தகவல் மட்டுமே காலாவதியானது. மற்றவை முற்றிலும் தவறல்ல, ஆனால் பாதிதான் சொல்லப்பட்டிருக்கின்றன. மீதிப் பாதியைத் திருச்சி விமான நிலையத்தின் கவுண்டரில் நின்றுகொண்டு என் தங்கை குடும்பத்தார் தெரிந்துகொள்ள நேர்ந்தது.

என் தங்கையும் அவர் கணவரும், தங்கள் மகளோடும் ஏழு வயதுப் பேரனோடும், இந்தத் தைப்பூசத்தைப் பத்துமலையில் பார்க்க வேண்டும் என்று ஓராண்டாகவே திட்டமிட்டிருந்தார்கள். தங்கை கணவரின் சிற்றப்பா குடும்பம் கிள்ளானில் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் ‘ராஜுலா’ கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கிய தலைமுறையின் வழிவந்தவர்கள் அவர்கள். அந்த வீட்டில் நான்கு நாள் தங்குவது, பிறகு பஸ்ஸில் ஜொகூர் பாரு சென்று பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் இரண்டு நாள் சுற்றிப் பார்ப்பது, அங்கிருந்தே திருச்சிக்கு விமானம் ஏறுவது என்று எங்கள் ஊர் ஏஜென்ட் ஒருவர் போட்டுக் கொடுத்த திட்டப்படி, போக கோலாலம்பூருக்கும் வர சிங்கப்பூரிலிருந்தும் டிக்கெட் எடுத்திருந்தார்கள். மலேசியாவுக்கு விசா வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. சிங்கப்பூருக்கு மட்டும் எப்படி என்று தங்கை கேட்டபோது, தங்கள் நாளிதழின் அந்தப் பெட்டிச் செய்தியைக் கத்தரித்து எடுத்துத் தன் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துக்கொண்டார் அவர் கணவர்.

கவுண்டரில் இருந்த பெண் நால்வரின் பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு, மலேசியாவிலிருந்து வெளியேறும் டிக்கெட்டைக் கேட்டிருக்கிறார். சிங்கப்பூர் டிக்கெட்டைக் காட்டியதும், “சிங்கப்பூர் விசா காட்டுங்க சார்” என்றிருக்கிறார். தங்கை கணவர் அந்தத் தாள் துண்டை எடுத்து நீட்டி, “நாலு நாளைக்கு விசா வேண்டாம்னு பேப்பர்லயே போட்டிருக்கும்மா” என்று சொல்ல, அந்தப் பெண் அதை மரியாதையோடு வாங்கி முழுவதும் படித்துவிட்டு, திரும்ப அவர் கையிலேயே கொடுத்து, தலையை ஆட்டியிருக்கிறார். வரிசையில் பின்னால் நாற்பது பேர். எனக்குத் தொலைபேசி வந்தது இரவு பத்தரை மணிக்கு: “மச்சான், போர்டிங் பாஸ் தர மாட்டேங்கிறாங்க, நீங்கதான் இந்த ஃபாரம் விவகாரமெல்லாம் பார்த்தவங்களாச்சே, என்ன பண்றது?”

நான் முப்பத்தோராண்டு அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் பகுதியில் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது இன்றுவரை எனக்கு வாய்த்த வேலை. ஆனாலும் அன்றிரவு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஏஜென்டின் தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தது. கடைசியில் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்குத் திரும்ப நான்கு டிக்கெட்டுகளை அங்கேயே நின்று 46,000 ரூபாய்க்கு வாங்கிய பிறகுதான் அவர்களுக்குப் போர்டிங் பாஸ் கிடைத்தது. சிங்கப்பூர் டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் திரும்பி வராத வகையைச் சேர்ந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அந்தக் கவுண்டர்ப் பெண் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. போய் இறங்கும் நாட்டில் அனுமதி மறுக்கப்படும் பயணியைத் திரும்பக் கொண்டுவரும் பொறுப்பு அவரை ஏற்றிச் சென்ற விமான நிறுவனத்துடையது. பல நாடுகளில் அதற்கு மேல் அபராதமும் உண்டு. அதனால்தான் ஒவ்வொரு பயணியின் பாஸ்போர்ட்டையும் போகும் நாட்டின் விதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க, சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் நடத்தும் டிமாட்டிக் என்ற தகவல் தொகுப்பைக் கவுண்டரிலேயே பார்க்கிறார்கள். நம்மூர் ஏஜென்ட் என்ன சொன்னார், நாளிதழில் என்ன வந்தது என்பதெல்லாம் அந்தத் திரையில் தெரியாது.

சிங்கப்பூரின் 96 மணி நேரச் சலுகையில் பெட்டிச் செய்தி விட்டுவிட்ட பகுதி இதுதான். இந்தியப் பயணி வேறொரு நாட்டுக்குப் போகும் வழியிலோ அங்கிருந்து திரும்பும் வழியிலோ சிங்கப்பூரைக் கடந்து செல்பவராக இருக்க வேண்டும். 96 மணி நேரத்துக்குள் கிளம்புவதற்கான உறுதியான டிக்கெட் கையில் இருக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய எட்டு நாடுகளில் ஏதேனும் ஒன்றின் காலாவதியாகாத விசாவோ நீண்டகாலத் தங்கல் அனுமதியோ வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் மகனைப் பார்க்கப் போய் வரும் பெற்றோருக்கு இது பயன்படும். புதுக்கோட்டையிலிருந்து தைப்பூசத்துக்குப் போகும் குடும்பத்துக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. அந்த எட்டு நாட்டு விசா பற்றிய ஒரே ஒரு வரி அச்சாகியிருந்தால் என் தங்கை கணவர் அந்தத் தாளைக் கத்தரித்திருக்கவே மாட்டார்.

இனி மலேசியாவுக்கு வருகிறேன். இந்தியர்களும் சீனர்களும் 30 நாள் வரை விசா இன்றி வரலாம் என்று பிரதமர் அன்வார் இப்ராகிம் 2023 நவம்பர் 26 அன்று அறிவித்தார். டிசம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. முதலில் ஓராண்டுக்கென்று அறிவிக்கப்பட்ட இச்சலுகை, இந்தியர்களுக்கு 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. செய்தியாக இவ்வளவுதான் நம் நாளிதழ்களில் வந்தது. ஆனால் மலேசியக் குடிநுழைவுச் சட்டத்தில் விசா வேறு, பாஸ் வேறு. விசா என்பது வாசல் வரை வருவதற்கான முன்கூட்டிய ஒப்புதல். உள்ளே நுழைந்து இத்தனை நாள் இருக்கலாம் என்பதற்கான அனுமதியே பாஸ். சுற்றுலாப் பயணிக்குக் கிடைப்பது சமூக வருகை பாஸ். 2023 டிசம்பரில் விலக்கப்பட்டது முதலாவது மட்டுமே. இரண்டாவதை அன்றும் இன்றும் அங்கே கவுண்டரில் இருக்கும் குடிநுழைவு அதிகாரிதான் தருகிறார். பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாத ஆயுள் இருக்கிறதா, திரும்பிச் செல்ல டிக்கெட் இருக்கிறதா, தங்குவதற்கு ஹோட்டல் பதிவோ உறவினர் முகவரியோ இருக்கிறதா, செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று கேட்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. விடை திருப்தி தராவிட்டால் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பும் அதிகாரமும் உண்டு. விசா இருந்த காலத்தில் இந்தக் கேள்விகளில் பாதியை விசா விண்ணப்பத்திலேயே கேட்டு முடித்துவிடுவார்கள். இப்போது அவை மொத்தமாக விமான நிலையத்துக்கு இடம் மாறியிருக்கின்றன. வீட்டில் உட்கார்ந்து பதில் எழுதியவர்கள், நான்கு மணி நேரப் பயணத்துக்குப் பிறகு தூக்கக் கலக்கத்தோடு வரிசையில் நின்று, பழகாத ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள்.

இங்கே சொல்லைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. மலேசியத் தமிழ் நாளேடுகள் இந்தத் துறையைக் ‘குடிநுழைவுத் துறை’ என்றே எழுதுகின்றன. நாம் பெரும்பாலும் ‘குடியேற்றத் துறை’ என்கிறோம். நாலு நாள் சாமி கும்பிட்டுவிட்டு வரப் போகிற கிழவியைக் குடியேறப் போகிறவராக ஆக்கிவிடும் இந்தச் சொல்லை விட்டுவிட்டு, அவர்களுடைய சொல்லையே நாமும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் தாழ்மையான கருத்து. அதேபோல் ‘விசா இல்லா நுழைவு’ என்பதற்குப் பதிலாக ‘விசா விலக்கு’ என்று எழுதினால், எதிலிருந்து விலக்கு, யாருக்கு, எத்தனை நாள் என்ற கேள்விகள் படிப்பவர் மனத்தில் தாமாகவே எழும்.

விசா விலக்கோடு சேர்ந்தே வந்தது மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டை. வந்து சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய இந்த அட்டை 2024 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. கைக்குழந்தையானாலும் ஆளுக்கொன்று வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. இந்தக் கடைசி வாக்கியத்தைத் தாங்கள் தடித்த எழுத்தில் அச்சிட்டாலும் தகும். ஏனென்றால் என் தங்கை குடும்பத்தில் பெரியவர்கள் மூவருக்கும் அருகிலுள்ள ஒரு பிரவுசிங் சென்டரில் தலைக்கு 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டு இதை நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் கொண்டுவந்த ரசீதை வாங்கிப் பார்த்தேன். மலேசிய அரசின் தளத்தைப் போலவே வண்ணமும் கொடியும் கொண்ட, ஆனால் அரசுக்குரிய முகவரி இல்லாத ஏதோவொரு தனியார் தளத்தில் டாலரில் பணம் கட்டப்பட்டிருந்தது. பேரனுக்கு “குழந்தைதானே, வேண்டாம்” என்று சொல்லிவிட்டார்களாம். அவனுடைய அட்டையைத் திருச்சிப் புறப்பாட்டுக் கூடத்தின் தூணருகே நின்றுகொண்டு, பக்கத்தில் இருந்த ஒரு கல்லூரி மாணவர் தம் கைப்பேசியில் ஐந்து நிமிடத்தில் நிரப்பிக் கொடுத்தார். பணம் எதுவும் கேட்கவில்லை.

அந்த அட்டையில் நம் ஊர்க்காரர்கள் தடுமாறும் இடம் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துதான் உண்டு. பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் இருக்கிறது, சிலருக்குச் சொந்தப் பெயரோடு சேர்ந்து ஒரே கட்டத்தில் இருக்கிறது, சிலருக்கு அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது. டிக்கெட்டில் ஏஜென்ட் ‘எஸ்’ என்று ஒற்றை எழுத்தாகப் போட்டிருப்பார். பாஸ்போர்ட்டில் ‘சுப்பையா’ என்று முழுதாக இருக்கும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா வர முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது எங்கள் பகுதியில் எத்தனை பேர் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு ஓடினார்கள் என்பதை நேரில் பார்த்தவன் நான். பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ, எழுத்து பிசகாமல் அதையே டிக்கெட்டிலும் அட்டையிலும் எழுத வேண்டும் என்பதைத் தமிழில் ஒருவரும் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் வரும் பயணக் குறிப்புகளை மொழிபெயர்த்து வெளியிடும்போது இது விடுபட்டுப் போகிறது. அவற்றை எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லையே.

கட்டுரையின் வரிசையில் இருந்த மற்ற நாடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலங்கை 2023 அக்டோபரில் இந்தியா, சீனா, ரஷ்யா, மலேசியா, ஜப்பான், இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய ஏழு நாட்டவருக்கு 2024 மார்ச் 31 வரை சோதனை முறையில் அறிவித்தது விசா விலக்கு அல்ல, இலவச விசா. அதாவது புறப்படும் முன் இணையத்தில் விண்ணப்பித்து அனுமதி பெற்றாக வேண்டும், கட்டணம் மட்டும் இல்லை. அதற்குப் பிறகு விண்ணப்ப முறையே மாறியது. 2024 ஏப்ரலில் ஒரு தனியார் கூட்டமைப்பிடம் அந்தப் பணி ஒப்படைக்கப்பட்டது. கட்டணம் குறித்துப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் இலங்கை உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை இடைக்கால உத்தரவால் நிறுத்தியது. இத்தனையும் ஓராண்டுக்குள் நடந்து முடிந்தன. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஏறுகிறவர்களுக்கும் இதே விதிதான். கடல் வழி குறுகியது என்பதால் காகிதம் குறைந்துவிடுவதில்லை. ‘இலவச விசா’, ‘விசா இலவசம்’, ‘விசா இல்லை’ என்ற மூன்றையும் தலைப்பு எழுதுகிறவர் ஒன்றாக எடுத்துக்கொண்டால், படிக்கிறவர் துறைமுகத்தில் நிற்பார்.

கென்யாவின் கதை இன்னும் சுவையானது. எல்லா நாட்டவருக்கும் விசாவை ஒழித்துவிட்டோம் என்று அந்நாடு அறிவித்து 2024 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தியது. விசாவுக்குப் பதிலாக வந்தது மின்னணுப் பயண அனுமதி. அதற்கும் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பயண விவரமும் தங்குமிட விவரமும் தர வேண்டும். 30 டாலர் கட்ட வேண்டும். பெயர்ப் பலகை மாறியதே தவிரக் கல்லாப் பெட்டி அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் வெளியாகும் ஹென்லி பாஸ்போர்ட் பட்டியலில் ‘விசா இன்றிச் செல்லக்கூடிய நாடுகள்’ என்று இந்தியாவுக்கு ஐம்பது, அறுபது என எண் வரும்போது, போய் இறங்கியபின் வாங்கும் விசாவும் மின்னணுப் பயண அனுமதியும் அந்த எண்ணுக்குள் சேர்த்தே கணக்கிடப்படுகின்றன. நாடுகளின் பாஸ்போர்ட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் ஆய்வாளருக்கு அந்தக் கணக்கு சரி. பெட்டி கட்டுகிறவருக்கு உதவாது.

தாய்லாந்தில் நாட்கணக்கு அடிக்கடி மாறியிருக்கிறது. 2023 நவம்பர் 10 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு ஆறு மாதத்துக்கென்று வந்தது, பிறகு நீட்டிக்கப்பட்டது. 2024 ஜூலை 15 முதல் 93 நாடுகளுக்கு 60 நாள் என்று உயர்ந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சிலேயே அதை மறுபடி 30 நாளாக்கும் பேச்சு தொடங்கிவிட்டது. 2025 மே 1 முதல் அங்கும் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயமானது. நாட்களை எண்ணுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வந்து இறங்கும் நாளே அங்கே முதல் நாள். இரவு பதினொன்றரை மணிக்கு இறங்கினாலும் ஒரு நாள் போய்விடும். ‘முப்பது நாள்’ என்பதை ‘ஒரு மாதம்’ என்று நாம் எழுதினால், ஐந்தாம் தேதி போனவர் அடுத்த மாதம் ஐந்தாம் தேதி கிளம்பலாம் என்று நினைத்துக்கொள்வார். கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 500 பாட், அதிகபட்சம் 20,000 பாட் என்று அங்கே அபராதம் உண்டு. மலேசியாவில் இது இன்னும் கடுமை: 1959/63-ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி, அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கினால் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இதுவரை சொன்னவை பணமும் நேரமும் வீணாகும் தொல்லைகள். ஈரானைப் பற்றிய வரி அப்படிப்பட்டதல்ல. 2024 பிப்ரவரி 4 முதல் இந்தியச் சுற்றுலாப் பயணிகள் விமானத்தில் மட்டும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை, 15 நாளுக்கு மிகாமல் விசா இன்றி வரலாம் என்று ஈரான் அனுமதித்திருந்தது. வேலை வாங்கித் தருவதாகவும் அங்கிருந்து வேறு நாட்டுக்கு அனுப்பி வைப்பதாகவும் ஆசை காட்டப்பட்டவர்கள் அந்த வழியில் அழைத்துச் செல்லப்பட்டு, போய் இறங்கியதும் கடத்தப்பட்டு, குடும்பத்தாரிடம் பணம் கேட்டு மிரட்டப்பட்ட சம்பவங்கள் நடந்தன. இதையடுத்து 2025 நவம்பர் 22 முதல் இந்தச் சலுகை நிறுத்தப்பட்டது. ஈரான் வழியாக மாறிச் செல்வதற்கும் இப்போது விசா வேண்டும். விசா இல்லாமலே மூன்றாவது நாட்டுக்கு அனுப்புகிறோம் என்று சொல்லும் ஏஜென்டுகளை நம்ப வேண்டாம் என்று நம் வெளியுறவு அமைச்சகமே அப்போது எச்சரித்தது. அந்த எச்சரிக்கைக்குப் பிறகும் ஞாயிறு இணைப்பில் ஈரான் இடம்பெற்றிருப்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

இந்த வலையில் விழுகிறவர்கள் நம் பிள்ளைகள். தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்டு, மே சோட் என்ற எல்லை நகரில் மோய் ஆற்றைக் கடத்தி மியன்மாரின் மியாவாடிப் பகுதியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்ட இந்தியர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். 2022-இல் அவர்களில் சிலர் மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். 2025 மார்ச்சில் மே சோட்டிலிருந்து விமானப்படை விமானத்தில் 283 இந்தியர்கள் அழைத்து வரப்பட்டார்கள். முன்பெல்லாம் போலி ஏஜென்ட் ஒருவர் ஆளை அனுப்ப வேண்டுமானால் ஏதேனும் ஒரு தூதரகத்தில் ஏதேனும் ஒரு விண்ணப்பமாவது போட வேண்டியிருந்தது. அங்கே ஓர் அலுவலர் சந்தேகப்படலாம், மறுக்கலாம். விசா விலக்கு அந்த ஒரு படியை எடுத்துவிட்டது. சுற்றுலா வளர இது நல்லதே. எங்கள் ஊரில் ஆயுளில் ஒருமுறைகூட விமானம் ஏறாதவர்கள் இன்று பத்துமலை பார்த்து வருகிறார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் விலக்கில் போகிறவர் அங்கே வேலை செய்ய முடியாது என்பதை விலக்கைப் பற்றிய ஒவ்வொரு செய்தியிலும் சொல்லியாக வேண்டும். மலேசிய சமூக வருகை பாஸில் உணவகத்தில் தட்டு கழுவினாலும் அது குற்றம். “முதலில் டூரிஸ்டாகப் போ, அப்புறம் பர்மிட் மாற்றித் தருகிறேன்” என்ற வாக்குறுதியை எங்கள் வட்டாரத்தில் நான் கேட்காத மாதம் இல்லை.

நம் அரசின் விதி ஒன்றும் இங்கே மறக்கப்படுகிறது. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் இ.சி.ஆர்., அதாவது ‘குடிபெயர்வுச் சோதனை தேவை’ என்ற வகையைச் சேர்ந்தது. அத்தகையோர் 1983-ஆம் ஆண்டு வெளிநாட்டு வேலைக்கான குடிபெயர்வுச் சட்டப்படி, வேலைக்காகப் போகும்போது முன் அனுமதி பெற வேண்டிய 18 நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் இருக்கிறது, தாய்லாந்தும் இருக்கிறது. ஆகவே இ.சி.ஆர். பாஸ்போர்ட்டோடு தனியாகப் போகும் இளைஞரைத் திருச்சியிலோ சென்னையிலோ நம் அதிகாரிகளே நிறுத்திக் கேள்வி கேட்டால், அதை வீண் தொந்தரவு என்று நினைக்க வேண்டியதில்லை. எங்கே தங்குகிறாய், யார் அழைத்தார்கள், எப்போது திரும்புகிறாய் என்ற அந்தக் கேள்விகள் சிலரைக் காப்பாற்றியிருக்கும்.

தங்களிடம் நான் வேண்டுவது பெரிதல்ல. ஒரு நாட்டின் விசா விலக்கைப் பற்றிச் செய்தி போடும்போது, எந்தத் தேதி வரை, எத்தனை நாள், எந்த வழியில் நுழையலாம், என்னென்ன காட்ட வேண்டும் என்ற நான்கையும் தலைப்புக்கு அடுத்த வரியிலேயே தாருங்கள். விலக்கு, இலவச விசா, இறங்கியபின் விசா, மின்னணு அனுமதி ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுங்கள். பழைய பட்டியலை மறுபடி அச்சிடும் முன் ஒருமுறை சரிபாருங்கள். நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் நாம் எப்போதும் விசா இன்றிப் போகிறோம். அங்கேகூட எந்த அடையாள அட்டை செல்லும், பூட்டானில் இந்தியருக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் வீதம் வளர்ச்சிக் கட்டணம் உண்டு என்பவற்றைச் சொல்லாமல் விட்டால் அந்தச் செய்தி முழுமையாகாது.

தமிழ்நாடு அரசின் வெளிநாடுவாழ் தமிழர் நலத்துறையும் இதில் ஒரு சிறு வேலை செய்யலாம். மலேசியா, தாய்லாந்து, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய நான்கு நாடுகளுக்கு மட்டுமாவது, ஒரு பக்கத்துக்கு மிகாமல், பெரிய எழுத்தில், எளிய தமிழில் குறிப்பு தயாரித்து, விதி மாறும்போதெல்லாம் தேதியிட்டுத் திருத்தி, அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையங்களிலும் திருச்சி, மதுரை விமான நிலையங்களிலும் ஒட்டி வைக்கலாம். பாஸ்போர்ட் வாங்க வருகிறவர் காத்திருக்கும் அந்த அரைமணி நேரத்தில் படித்துவிடுவார்.

தங்கை குடும்பத்தார் நல்லபடியாகப் பத்துமலை ஏறி, கிள்ளானில் உறவினர்களோடு இருந்துவிட்டு, கோலாலம்பூரிலிருந்து நேராகத் திருச்சிக்குத் திரும்பிவிட்டார்கள். சிங்கப்பூரை ஜொகூர் பாருக் கரையிலிருந்து பார்த்ததோடு சரி. பேரனுக்கு அதில் வருத்தம் உண்டு. தங்கை கணவர் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்திருந்த பெட்டிச் செய்தியையும், கட்டுரை வந்த பக்கத்தையும் இக்கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். திருத்தம் தேவைப்படும் இடங்களைப் பென்சிலால் கோடிட்டிருக்கிறேன். ஈரான் வரியில் மட்டும் சிவப்பு மை. வரும் ஞாயிறு இணைப்பில், முதலில் வெளியான அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
புதுக்கோட்டை மாவட்டம்.